சேஸிஸ் நம்பர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறைக்குக் குன்னம் போனபோது, மாமா வீட்டு வாசலில் ஒரு சேஸிஸ் கிடந்தது. பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி வந்து, கூடு, எஞ்சின், சக்கரம் எல்லாவற்றையும் கழற்றி ஓரங்கட்டிவிட்டு, அடியிலிருந்த அந்த இரும்புச் சட்டத்தை மட்டும் கருங்கற்களின் மேல் ஏற்றி வைத்திருந்தார். சட்டம் நிமிர்ந்தால் வண்டி நிமிர்ந்துவிடும் என்பது அவர் கட்சி. அதன் பிறகு வெங்காயம் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போவார். அங்கே கிடைக்கிற லோடோடு பம்பாய். பேச்சிலேயே பாதி இந்தியாவைச் சுற்றிவிடுவார்.

அத்தை இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மாமா முன்பு லாரி ஓட்டிய காலம் முழுக்க அவள் பொங்கல் பானையைத் தனியாகத்தான் இறக்கினாள் என்று அம்மா சொல்லுவாள். இப்போது வேளாவேளைக்கு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதரை, புதிதாகக் கல்யாணம் ஆனவள்போல எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா வேலை தெரிந்தவர்தான். கோணிய இடத்தைக் காய்ச்சி, ஜாக்கி கொடுத்து நெம்பி, மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்து சரிசெய்தார். துரு எடுக்கும் பொறுப்பை அத்தையிடம் விட்டார். உப்புத்தாளும் மண்ணெண்ணெய்த் துணியும் கொடுத்தார். துரு கெட்டிப்பட்ட இடத்துக்கு ஓர் அரம்.

பெயின்ட் வாங்க அவர் அரியலூர் போன அன்று, அத்தை சட்டத்தின் முன்பக்கம் ஓரிடத்தில் கை வைத்தாள்.

"பாப்பா, இங்க இங்கிலீசுல என்னமோ இருக்கு பாரு. படி."

துருவுக்குள் அமுங்கியிருந்த எழுத்தையும் எண்ணையும் படித்துக் காட்டினேன். "இது எதுக்குங்கத்த?"

"வண்டிக்கு இதாம் அடையாளம். இதுமேல பேப்பர வெச்சுப் பென்சிலால தேய்ப்பாங்களாம். நம்பர் வுழுந்தாத்தான் ரோட்டுல வுடுவாங்களாம். ஒங்க மாமாதான் சொன்னாங்க."

சொல்லிவிட்டு அரத்தை எடுத்து அந்த இடத்தை ராவினாள். முகம் பார்க்கலாம் போல வழவழப்பாகும் வரை ராவினாள். எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. துரு இருந்தது, எடுத்தாள்.

பெயின்ட் காய்ந்த பிறகு மாமா, வண்டிக்குப் பேப்பர் எடுத்துத் தரும் ஒரு புரோக்கரைக் கூட்டி வந்தார். அவர் பேப்பரை வைத்துத் தேய்த்தார். இடம் மாற்றித் தேய்த்தார். பேப்பர் கறுத்ததே தவிர நம்பர் விழவில்லை.

"துருன்னு நெனச்சு ராவிட்டேங்க" என்றாள் அத்தை.

"நம்பர் இல்லன்னா திருட்டு வண்டிம்பாங்கண்ணே. பழைய இரும்புக்குத்தான் போவும்" என்று புரோக்கர் கையைத் துடைத்துக்கொண்டார்.

மாமா கத்தவில்லை; சட்டத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. கத்துகிற வேலையைச் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். கூறுகெட்டவள் என்று ஆளாளுக்கு ஏசினார்கள். அத்தை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் மாமா பெரம்பலூரில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். காலையில் பஸ்ஸில் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்.

நான் ஊருக்குக் கிளம்பும்போது அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

"நீங்கதான சொன்னீங்க, அந்த நம்பர் எதுக்குன்னு? மறந்துட்டீங்களா அத்த?"

அத்தை ரிப்பனை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "ஆமாம் பாப்பா, மறந்துட்டேன்."

இத்தனை மறதியை வைத்துக்கொண்டு இவள் எப்படிக் குடும்பம் நடத்தப் போகிறாளோ என்று பஸ்ஸில் வரும்போது கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன்.