பச்சைப் புள்ளிகளுக்கு வெளியே ஓர் ஊர்

காலை 6.10. மதுரை வில்லாபுரத்தில் என் வீட்டு வாசலிலிருந்து கார் கிளம்பியது. ஓட்டுபவர் முருகேசன், காரியாபட்டிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். டேஷ்போர்டில் நான்கு போன்கள், கூரையில் காந்தத்தால் ஒட்டிய ஜிபிஎஸ், என் மடியில் லேப்டாப். அலைபேசிக் கம்பெனிகளில் ஆர்.எஃப். என்ஜினியர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. எந்த டவரில் எந்த ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எவ்வளவு குனிய வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள். பதினாறு வருடமாக நானும் அதில் ஒருத்தி. கார் ஓட ஓட இந்த நான்கு போன்களும் தாமாகவே யாருக்காவது அழைப்பு போட்டுக்கொண்டு வரும். சிக்னல் நன்றாக இருந்தால் வரைபடத்தில் பச்சைப் புள்ளி, சுமார் என்றால் மஞ்சள், இல்லையென்றால் சிவப்பு. இதற்கு டிரைவ் டெஸ்ட் என்று பெயர்.

நரிக்குடியைத் தாண்டி ஓர் ஊர். பெயரை எழுதப்போவதில்லை, எழுதினால் அங்கே ஒருத்திக்கு வம்பு. சிக்னல் இல்லை என்று அங்கிருந்து பதினோரு புகார். பதினொன்றையும் "சாலையில் சிக்னல் நன்று" என்று எழுதி எங்கள் ஆட்கள் மூடியிருக்கிறார்கள். பன்னிரண்டாவதற்கு நான். மேனேஜர் சொன்னது இரண்டே வார்த்தை: "மூடிட்டு வாங்க." பார்த்துவிட்டு வாங்க என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

7.15. காரியாபட்டியில் டீ, பன்னிரண்டு ரூபாய். மதுரைக்கு வேலைக்குப் போகிறவர்கள் டிபன் பையோடு பஸ்ஸுக்கு நின்றார்கள். திரை முழுக்கப் பச்சை. 8.20க்கு அருப்புக்கோட்டை. இட்லி சாப்பிட்ட கடையில் தறிக்கார அண்ணன் தம்பி இருவர் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள், என் போன்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்கள். "ஏலே, சர்வே பண்ண வந்திருக்காக. ரோட்டை அகலப்படுத்தப் போறாகளாம்." நான் மறுக்கவில்லை. எங்கள் தொழிலை டீக்கடையில் விளக்குவதற்குள் இட்லி ஆறிவிடும்.

திருச்சுழியைக் கடந்தபோது மணி பத்து. இரண்டு பக்கமும் கருவேலங்காடு, நடுவில் வெடித்துக் கிடக்கும் கண்மாய், எங்கோ ஒரு வெள்ளாட்டுக் கூட்டம். அந்த வெயிலிலும் திரையில் பச்சை, பச்சை, பச்சை. நரிக்குடியிலிருந்து வீரசோழன் போகும் சாலையிலும் அதே கதை. புகார் வந்த ஊருக்குப் பிரியும் மண் சாலை வந்ததும் முருகேசன் நிறுத்திவிட்டார்.

"இதுதான் மேடம் கடைசி. இதுக்கு உள்ள ரூட்டு கிடையாது. இதுக்கு முன்னாடி வந்த சாரெல்லாம் இங்கனயே திருப்பச் சொல்லிருவாக."

"பதினோரு பேருமா?"

"நான் கூட்டியாந்தது நாலு பேரு. நாலு பேரும் இங்கதான் திரும்புனாக. ஒருத்தர் இறங்கி ஒண்ணுக்குப் போனாரு, அவ்வளவுதான்."

எனக்கு வந்ததே கோபம்! புகார் கொடுத்த ஊர் மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நாங்கள் தார் ரோட்டில் நின்று நாடி பிடித்துவிட்டு நோயாளி சௌக்கியம் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். "உள்ள போங்க முருகேசன்" என்றேன். முதல் அரை கிலோமீட்டரில் மஞ்சள், அடுத்ததில் சிவப்பு, அப்புறம் அதுவும் இல்லை. நான்கு போன்களும் வாயை மூடிக்கொண்டன.

11.20. ஊருக்குள் ரேஷன் கடை திறந்திருந்தது. உள்ளே அரிசி மூட்டை இருந்தது, தராசு இருந்தது, ஆள் இல்லை. "எல்லாரும் கரை மேல நிக்கிறாக" என்றாள் எதிரே வந்த பெண். கண்மாய்க் கரையில் ஏறிப் பார்த்தேன். ஒரு கருவேல மரத்தடியில் நாற்பது பேர் வரிசை. வரிசைக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் கைரேகை மிஷினோடு கடையின் விற்பனையாளர் பாண்டிச்செல்வி. மிஷினுக்கு சிக்னல் வேண்டும், சிக்னல் அந்தக் கரையில்தான் வரும். மேலே வந்து விரல் வைக்க வேண்டும், கீழே கடைக்குப் போய் அரிசி வாங்க வேண்டும். முத்துக்கருப்பன் என்பவருக்கு இரண்டு காலும் வராது. அவரை மூன்று சக்கர வண்டியோடு நான்கு பேர் தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். பாதியில் ஒருவர் வழுக்க, வண்டி சாய்ந்தது. ஒருத்தரும் கத்தவில்லை. பழகிப்போயிருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

நான் கம்பெனி ஆள் என்று தெரிந்தும் பாண்டிச்செல்வி எழுந்திருக்கவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை.

"பன்னெண்டு மட்டம் புகார் எழுதிப் போட்டுட்டேன். சரியாயிருச்சுன்னு மெசேஜ் வரும். அந்த மெசேஜைப் படிக்கவே இந்தக் கரைக்குத்தான் வரணும்."

"எப்பத்துல இருந்து இப்படி?"

"ஒண்ணரை வருசமா. அதுக்கு முன்னாடி கடைக்குள்ளயே எடுக்கும் மேடம். ஒருநா காலைல போச்சு, போனது போனதுதான். இப்ப ஒண்ணாம் தேதியோட கடையை ரோட்டு ஊருக்கு மாத்துறாக. சிக்னல் வராத ஊருன்னு எழுதிட்டாகளாம். எனக்கு அங்க வேலை குடுப்பாக, எனக்கு ஒண்ணுமில்ல. இவரை யாரு மூணு கிலோமீட்டரு தூக்கிட்டு வாரது?"

முத்துக்கருப்பன் விரலை வேட்டியில் துடைத்து மூன்றாம் முறையாக வைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரை வருடம் முன்பு வரை இருந்தது, ஒரே நாளில் போயிற்று. அப்படியானால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

1.10. டவர் மண் சாலை பிரியும் இடத்தில், தார் ரோட்டை ஒட்டி நிற்கிறது. அடியில் நின்று பைனாகுலரில் பார்த்தேன். மூன்று ஆன்டெனா. ஒன்று வயக்காட்டைப் பார்க்கிறது. மற்ற இரண்டும் தார் ரோட்டைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஊரைப் பார்க்க ஒன்றுகூட இல்லை, ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அடப்பாவிகளா! இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. போட்டிக் கம்பெனிகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும் கார் தார் ரோட்டில்தான் வரும். அது வருவதற்கு முன்னால் ஆன்டெனாக்களை ரோட்டுப் பக்கம் திருப்பி வைப்போம். ரோடு பச்சையாகும், மதிப்பெண் ஏறும், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல் விழும்.

எந்த மகராசன் இதைத் திருப்பச் சொன்னான் என்று பார்த்தே தீருவது என்று காரில் உட்கார்ந்து பழைய மெயில்களைத் தோண்டினேன். கிடைத்தது. டவர் எண் சரி, ஆன்டெனா சரி. காரணம்: சாலைச் சிக்னல் மேம்பாடு. பாதிப்பு: இல்லை. கோரியவர் என்ற இடத்தில் என் பெயர்.

நான் இந்தப் பக்கமே வந்ததில்லை. மதுரை அலுவலகத்தில் மேசையில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தேன். ரோட்டில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. டவருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் இல்லை. கார் போகாத இடத்தில் புள்ளி எப்படி விழும்? புள்ளி இல்லாத இடத்தை ஆள் இல்லாத இடம் என்று படித்துவிட்டேன். அன்று ஒரே மதியத்தில் முப்பது டவர்களுக்கு இப்படி "இல்லை" என்று அடித்த ஞாபகம். காலையிலிருந்து யார் யாரையோ திட்டிக்கொண்டு வந்தவள் நான். அவமானம் வந்தது, அதற்கு மேல் கோபமும் வந்தது. இந்தத் தடவை அது போக வேறு இடம் இல்லை.

மேனேஜரை அழைத்தேன். திருப்பி வைக்க ஆள் அனுப்புங்கள் என்றேன்.

"மதிப்பெண் வண்டி அடுத்த மாசம் வருது. அது போகட்டும். இப்ப புகாரை மூடுங்க."

"ஒண்ணாம் தேதி அந்த ஊரு ரேஷன் கடை போயிரும் சார்."

"அது நம்ம கவலை இல்லையே."

"நான் மூட மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். முருகேசன் காரை ஊரைப் பார்த்துத் திருப்பினார்.

2.30. பாண்டிச்செல்வி கடைக்குள் அரிசி அளந்துகொண்டிருந்தார். எல்லோர் முன்னாலும் சொன்னேன், ஆன்டெனாவைத் திருப்பச் சொல்லி எழுதியது நான்தான் என்று. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

"அப்ப எங்க ஊருல கோளாறு இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல."

"அதை எழுதிக் குடுங்க. கடையை மாத்துறவுககிட்டக் காட்டணும். வாய்ச்சொல்லு அங்க ஏறாது."

கம்பெனியின் தவறை எழுத்தில் கொடுத்தவர்கள் அப்புறம் கம்பெனியில் இருப்பதில்லை. எனக்கு அது தெரியும். வாசலில் முத்துக்கருப்பனின் வண்டியில் அரிசிப் பையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, மூட்டை மேல் வைத்து எழுதினேன். இந்த ஊரில் சிக்னல் இல்லாமல் போனது ஊரின் குறை அல்ல. ஊரைப் பார்த்திருந்த ஆன்டெனாவை என் கோரிக்கையின் பேரில் சாலைப் பக்கம் திருப்பினார்கள். மறுபடி திருப்பினால் சிக்னல் வரும். கீழே முழுப் பெயர், பணியாளர் எண், கையெழுத்து.

பாண்டிச்செல்வி தாளை வாங்கி வரி வரியாக வாசித்தார். பிறகு என் பேனாவையும் தாளையும் திருப்பி நீட்டினார்.

"தேதி போடலையே. இன்னைக்குத் தேதியைப் போடுங்க. என்னைக்கித் திருப்பச் சொன்னீகளோ, அந்தத் தேதியும் போடுங்க."

இரண்டையும் போட்டேன்.