கீழாநெல்லியும் கெமிக்கல் தொட்டியும்

"குடிப்பாரா?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்டார்கள். ரத்தம் எடுத்த பெண் கேட்டாள், பக்கத்துப் போர்ஷன்காரி கேட்டாள், என் கூடப்பிறந்த அண்ணனே கேட்டான். ஒருவனுக்குக் கல்லீரல் கெட்டுப்போனால் பாட்டிலால்தான் கெட்டிருக்க வேண்டும் என்று ஊரே முடிவு கட்டி வைத்திருக்கிறது. என் வீட்டுக்காரர், ஆயுத பூஜையன்று கம்பெனியில் மற்றவர்கள் ஊற்றிக்கொள்ளும்போது பொரியைக் கொறித்துவிட்டு வீடு வந்து சேர்கிற மனுஷன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணனோடு கொஞ்ச நாள் பேச்சே இல்லை.

அவருக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு சின்ன யூனிட்டில். எண்ணெய்ப் பிசுக்கோடு வருகிற இரும்புச் சாமான்களைக் கம்பிக் கூடையில் அடுக்கி, சூடான கெமிக்கல் தொட்டியில் இறக்கி, பிசுக்குப் போனதும் தூக்க வேண்டும். தொட்டிக்காரர் என்றுதான் அங்கே அவருக்குப் பெயர். அதிலிருந்து எழும்பும் ஆவிக்கு ஒரு தித்திப்பான வாசனை உண்டு. முகத்துக்கு ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான் பாதுகாப்பு. ஷிஃப்டு முடிந்ததும் கையையும் அதே கெமிக்கலில் கழுவிக்கொள்வார். சோப்பைவிட நன்றாகப் போகுமாம்! அவர் சட்டையை ஊறவைக்க எடுத்தாலே எனக்குத் தலை கிறுகிறுக்கும்.

பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு அங்கேயே ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். தூசியில் நிற்பவர்களுக்கு வெல்லம், பெயிண்ட் அடிப்பவர்களுக்கு வாழைப்பழம், தொட்டிக்காரருக்கு நெல்லிக்காய் அடித்த மோர். உள்ளே போனதையெல்லாம் அது கழுவிக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. சூப்பர்வைசரே தன் கையால் எடுத்துக் கொடுப்பார். என் வீட்டுக்காரருக்கு அதில் ஏகப் பெருமை.

கண் மஞ்சளானபோது ஆவடியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். வேலைக்குப் போகக்கூடாது, வீட்டில் ஓய்வு எடுக்கட்டும் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து நாங்கள் கீழாநெல்லியைத் தேடினோம். பருத்திப்பட்டில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. மழை பெய்தால் அங்கே முளைக்காத செடி இல்லை. வேரோடு பிடுங்கி, அலசி, அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுத்தேன். உப்பில்லாத கஞ்சி, எண்ணெய் கிடையாது, வாசல்படி தாண்டக் கூடாது என்று கடும் பத்தியம். கண் தெளிந்தது. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கெட்டதைக் காட்டுகிற எஸ்.ஜி.பி.டி. என்று ஏதோ எகிறியிருந்தது, அதுவும் இறங்கிவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாத்தியாமே? பச்சிலதான் என்னிய எயுப்பி வுட்டுச்சு" என்றார் அவர். அதையே யூனிட் முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டார். பழையபடி தொட்டிக்குப் போனார். ஒரே வித்தியாசம், இப்போது பையில் ஒரு பாட்டில் பச்சைச் சாறு.

அப்புறம் எங்கள் வீட்டில் நடந்தது பச்சைக் கூத்து. செல்போனில் வீடியோ பார்க்கிற வியாதி அவருக்கு. "நெல்லிக்காயில ஆன்டிஆக்ஸிடன்ட் கீதாம், லிவர்ல சேந்த விஷத்த ஓட ஓட தொரத்துமாம்" என்பார். மறுநாள் மஞ்சள், அதற்கு மறுநாள் மணத்தக்காளி, கரிசலாங்கண்ணி. மிக்ஸி ஓயவில்லை. மனுஷன் மட்டும் இளைத்துக்கொண்டே போனார். சோற்றைக் கண்டால் முகம் சுளித்தார், உடம்பெல்லாம் சொறிந்துகொண்டார். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் எஸ்.ஜி.பி.டி. முன்னைவிட அதிகம்.

டாக்டரம்மா இந்தத் தடவை குடியைப் பற்றிக் கேட்கவில்லை, வேலையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். நான் கீழாநெல்லியைச் சொன்னேன்.

"இலையில சத்து இல்லன்னு சொல்லலம்மா. செடி தன்னைக் காப்பாத்திக்க வச்சிருக்கறது, நமக்கும் கொஞ்சம் உதவலாம். ஆனா இவர் நாள் முழுக்க மூச்சுல இழுக்கறதுக்கு எந்த இலையும் ஈடு குடுக்காது. போன தடவை குறைஞ்சது எதனால தெரியுமா? பத்தியம்னு சொல்லி வெளிய விடாம வச்சிருந்தீங்களே, அதனால. தொட்டிகிட்ட போகல, கல்லீரல் தானா தேறிச்சு. இப்படியே திரும்பத் திரும்பப் போனார்னா, ஒரு நாள் தேறாது."

வீட்டுக்காரரோ பஸ்ஸில் ஏறினதும், "சாறு கொஞ்சம் கெட்டியா குடுத்தா சரியாயிடும்" என்றார். பஸ் என்றும் பாராமல் கத்தினேன்.

"யோவ், உனக்கு இன்னாதான் வேணும்? செத்துத் தொலையணுமா?"

"தொட்டி இல்லன்னா என்னிய வேற எதுல போடுவாங்கமே? இந்த வயசுல எனக்கு வேற இன்னா தெரியும்?"

மறுநாள் நானே யூனிட் கேட்டில் போய் நின்றேன். சூப்பர்வைசர் வந்ததும் ரிப்போர்ட்டை நீட்டி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேள்வி கேட்டேன். கூட்டம் கூடுவதைப் பார்த்து, "பேக்கிங்குல போட்டுர்றேம்மா, கத்தாத" என்றார் அவர். என் மானத்தை வாங்கிவிட்டாய் என்று வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும். நானும் மிக்ஸியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். ஒரு இலை அரைக்கவில்லை. மாதங்கள் போகப்போக எஸ்.ஜி.பி.டி. தானாக இறங்கியது. முழுக்கச் சரியாகவில்லை, தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

போன மழைக்கு அடுத்த வாரம், முன்பின் தெரியாத ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். சின்ன வயசு. நூம்பலிலிருந்து வருவதாகச் சொன்னாள்.

"அக்கா, எங்க ஊட்டுக்காரரு இப்ப தொட்டில நிக்கிறாரு. அண்ணன் நின்ன எடத்துல."

"ஐயோ, கண்ணு மஞ்சளாயிடுச்சா?"

"இல்லக்கா, இன்னும் ஒண்ணும் ஆவல. அவருதான் பயந்துகினு கீறாரு. ஏதோ பச்சில குடிச்சா கெமிக்கல் ஒண்ணும் பண்ணாதாமே? அண்ணன் அப்படித்தான் பொழச்சாருன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. இன்னா எலைன்னு உங்களைத்தான் கேக்கச் சொன்னாரு."

அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இலை இல்லை, தொட்டியை விட்டு வந்ததுதான் காரணம், உன் புருஷனையும் வெளியே வரச் சொல் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். உள்ளேயிருந்து வீட்டுக்காரரும் வந்தார். இத்தனை நாள் என்னிடம் ஒத்துக்கொள்ளாதவர் அவளிடம் ஒத்துக்கொண்டார். "பச்சில இல்லம்மா. நான்தான் தெரியாம பீத்திக்கினேன்."

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "தெரியும்க்கா. ஊட்டு மருந்த வெளிய சொன்னா பலிக்காது. எங்க அம்மாகூட யாருக்கும் சொல்லாது. பரவால்லக்கா" என்று எழுந்து போனாள்.

போனவள் தெருவுக்குப் போகவில்லை, பக்கத்து மனையில் இறங்கியிருந்தாள். முந்தானையில் கண்ட தழையையும் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை ஊமத்தை இலையில் இருந்தது.

"அடிப்பாவி, அதத் தொடாத! விஷம்!"

நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "அப்ப இதான் அந்த எலையாக்கா?"

இனி என்ன சொன்னாலும் இவள் நம்பமாட்டாள், இதையே கொண்டுபோய் அரைத்துக் கொடுப்பாள். மனையில் இறங்கி, முந்தானையில் இருந்ததையெல்லாம் உதறிவிட்டு, என் கையாலேயே ஒரு பிடி கீழாநெல்லியைப் பிடுங்கி அவளிடம் கொடுத்தேன்.

இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இது போதும்க்கா. இனிமே அவரு பயமில்லாம நிப்பாரு."