இறங்கக் கூடாத கோடு

பத்தாம் வகுப்பில் சார்ட் எழுதுவது, வரவேற்புரை வாசிப்பது எல்லாம் நான்தான். அப்படியொரு கையெழுத்து எனக்கு. இதில் தன்னடக்கம் காட்டிப் பயனில்லை. அதனால் ஆண்டாய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்றதும், கணக்கில் ஒவ்வொருவரின் முன்னேற்றத்தையும் கோடாக வரையும் வேலையைக் கணக்கு சார் என்னிடம் கொடுத்தார். காலாண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு புள்ளி, அரையாண்டுக்கு ஒரு புள்ளி, இரண்டையும் இணைத்தால் கோடு. ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு.

வகுப்பிலேயே அதிகம் ஏறிய கோடு என் அக்காவுடையது. பெரியம்மா மகள். நடுவில் ஒரு வருடம் படிப்பு நின்றுபோய், பாலக்கோட்டில் எங்கள் வீட்டில் தங்கி என்னோடு படித்தாள். பதினொன்றிலிருந்து முப்பத்தாறு. கணக்கில் தேறாவிட்டால் டி.சி. வாங்கிக்கொண்டு ஓசூர் தையல் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான் என்று பெரியப்பா சொல்லியிருந்தார். சனிக்கிழமை பள்ளிக்கே வந்து கேட்டுவிட்டுத்தான் முடிவு. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

என் கவலை வேறு. தொண்ணூற்றெட்டிலிருந்து நான் தொண்ணூற்றாறுக்கு வந்திருந்தேன். முதல் ரேங்க் வாங்குகிறவளுக்குச் சிவப்புக் கோடா? காலாண்டைத் தொண்ணூற்றொன்று என்று வைத்து, பச்சையில் அழகாக இழுத்துவிட்டேன். இதில் யாருக்கு என்ன நட்டம்?

வெள்ளிக்கிழமை தருமபுரியிலிருந்து அதிகாரி அம்மா வந்தார். “அழகா இருக்கே!” என்றார். நான் நெளிந்தேன். பிறகு மதிப்பெண் பதிவேட்டை வாங்கி ஒப்பிடத் தொடங்கியவர், முதல் ரேங்கிலேயே நின்றுவிட்டார்.

“ஏங்க சார், பதிவேட்டுல தொண்ணூத்தெட்டு, இங்க தொண்ணூத்தொண்ணு. படிக்கிற புள்ளைக்கே இப்பிடின்னா மத்ததை எப்பிடி நம்புறது?”

சார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அதிகாரியின் விரல் சார்ட்டில் நகர்ந்து அக்காவின் கோட்டுக்கு வந்தது.

“பதினொண்ணு, முப்பத்தாறு. யாரு இந்தப் புள்ளை?”

அக்கா எழுந்தாள்.

“பதிவேட்டுலயும் அதேதானுங்க மேடம்,” என்றார் சார்.

“பதிவேட்டுல இருக்குங்க. புள்ளைகிட்ட இருக்கான்னு பாக்கலாம். இல்லைன்னா மறுதேர்வு வெச்சுட்டு அப்புறமா மார்க் போடுங்க.”

அக்கா மாதிரி மெல்லக் கற்போருக்குச் சார் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தது வடிவியலும் வரைபடமும்தான். பரீட்சையில் எட்டு எட்டு மதிப்பெண் நிச்சயம். நல்லவேளையாக அதிகாரி கேட்டதும் அதிலிருந்துதான்: ஆரம் மூன்று, புள்ளி மையத்திலிருந்து ஐந்து தூரத்தில், தொடுகோடு வரை.

அக்கா மரக் காம்பஸை எடுத்தாள். பலகையில் அது வழுக்கி, வட்டம் கோணலாகப் போனது.

“ஆம்லெட்டுங்க மேடம்!” என்றது கடைசி பெஞ்ச்.

அக்கா திரும்பவில்லை. அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். மையக்குத்துக்கோடு, இன்னொரு வட்டம், இரண்டு தொடுகோடுகள். அளந்து பார்த்து, “நாலுங்க மேடம்” என்றாள். யாரும் கேட்காமலே பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுச் சரிபார்ப்பும் எழுதினாள். அதிகாரி பதிவேட்டில் கையெழுத்திட்டார். வகுப்பு கைதட்டியது. அந்தப் படத்தை யாரும் அழிக்கக் கூடாது என்று சார் சொல்லிவிட்டார். என் கோட்டை மட்டும் நானே சிவப்பில் திருத்தி ஒட்டினேன். அவமானம்தான்.

சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடியும் நேரத்தில், தக்காளி மண்டியிலிருந்து பெரியப்பா நேராக வந்தார். சாரிடம் மார்க்கைக் கேட்டுக்கொண்டார். அக்கா அவரை வகுப்புக்குள் கூட்டிப்போய்ப் பலகைக்கு முன்னால் நிறுத்தினாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தவர் வெகுநேரம் பார்த்தார்.

“இத நீயா கண்ணு போட்ட?”

“நானேதாம்ப்பா.”

நான் குறுக்கே புகுந்தேன். “எல்லாம் என்னாலதான் பெரியப்பா. நான் சார்ட்டுல தப்பாப் போடலைன்னா அக்காவ எழுப்பியே இருக்க மாட்டாங்க!” மறுதேர்வு வைக்கச் சொன்னதுவரை ஒன்றுவிடாமல் உற்சாகமாகச் சொன்னேன்.

பெரியப்பா என்னை ஒருமுறை பார்த்தார். “சரி, நல்லாப் படிங்க,” என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் பேருந்துக்குக் கிளம்பினார். டி.சி. பேச்சையே எடுக்கவில்லை.

அவர் தலை கேட்டுக்கு வெளியே மறையும்வரை நின்ற அக்கா, அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவள் அதை வாங்காமல், “மறுதேர்வுன்னு ஆயிருந்தா இன்னைக்கே டி.சி. வாங்கியிருப்பாருடி,” என்றாள். எல்லாம்தான் ஜெயித்தாயிற்றே, இனிமேல் என்ன பயம் என்று நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.