ஓர் அடிக்கு ஒரு மூச்சு

கடந்த தை மாதம், ஓசூர் பேருந்து நிலையக் கூட்டத்தின் நடுவே எனக்கு மூச்சு அடைத்தது. உடல் நடுங்கிற்று. விரல்கள் மரத்தன. உயிர் பிரியப்போகிறது என்றே எண்ணினேன்.

இதயத்தில் குறையில்லை, நரம்புகளின் பதற்றமே என்றார் மருத்துவர். மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் இருமடங்கு மெல்ல விடும் பயிற்சியைச் செவிலியர் கற்பித்தார். அறுபது ஆண்டுகளாகப் பதிகம் ஓதும் எனக்கு இவர் மூச்சுவிடக் கற்பிப்பதா என்று அதை இகழ்ந்தேன். அச்சம் வரும்போதெல்லாம் பதிகத்தின் பதினொரு பாடலையும் ஒரே ஓட்டமாக ஓதினேன். ஓத ஓத மூச்சிரைத்தது. இறைவன் கைவிட்டான் என்று அழுதேன். பேருந்தில் ஏறுவதையே விட்டேன்.

ஆனியில் என் மனைவிக்குக் கிருஷ்ணகிரியில் கண்புரைச் சிகிச்சை. ஒரு கண் முன்பே பார்வையிழந்தது, மற்றதும் மங்கிவிட்டது. மகனுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. நீங்கள் உடன் வராவிட்டால் போகமாட்டேன் என்றாள் அவள். வேறு வழியின்றி எங்கள் ஊரான மத்திகிரியிலிருந்து பேருந்தில் புறப்பட்டோம்.

சூளகிரிக்கு அருகே லாரிகள் தேங்கிப் பேருந்து நின்றது. கூட்டம் நெருக்கியது. நெஞ்சு இறுகியது. வாய் தானாகவே பதிகத்தில் ஓடத் தொடங்கியது. இறங்கிவிட எழுந்தேன். பெருமானே, இவள் கண்ணுக்காக எனக்கு ஒரு மூச்சு தந்தருள் என்று மட்டும் வேண்டினேன்.

அவள் தடவி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எங்க ஓடறீங்க? சாமி என்ன கம்பெனி பஸ்ஸா, விட்டுட்டுப் போயிடறதுக்கு? உக்காருங்க. நர்ஸம்மா சொன்னாப்பல, ஒரு வரிக்கு ஒரு மூச்சு விட்டு மெதுவாச் சொல்லுங்க. எனக்குக் கண்ணுதான் தெரியல, காது நல்லாத்தான் கேக்குது."

முன்னிருக்கைக்காரர் சிரித்தார். நான் அமர்ந்தேன். மூக்கால் மெல்ல இழுத்தேன். ஓர் அடியை, மூச்சுத் தீரும்வரை நீட்டி ஓதினேன். நிறுத்தினேன். மீண்டும் இழுத்தேன். இளமையில் என் ஆசான் பண்ணோடு ஓதக் கற்பித்ததும் இப்படித்தான். அச்சத்தில் பண்ணைக் கைவிட்டுச் சொல்லை மட்டும் பற்றியிருந்தேன். நான்காம் பாடலில் விரல்களில் உணர்வு திரும்பியது. ஏழாம் பாடலில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது; எப்போது நகர்ந்தது என்பதை நான் கவனிக்கவேயில்லை.

சிகிச்சை முடிந்து மறுநாள் கண்கட்டை அவிழ்த்தார்கள். அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள்.

"சவரம் பண்ணாமயா என்னைக் கூட்டியாந்தீங்க?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பதற்றம் இன்றும் சில நாள் வருகிறது. ஆனால் நான் பேருந்திலிருந்து இறங்குவதில்லை. அடியார் பெருமக்களே, அஞ்சும்போது வேண்டுங்கள், ஓடாதீர்கள். மருத்துவர் சொல்லைத் தள்ளாதீர்கள். அதுவும் இறைவன் அனுப்பியதே. ஓர் அடி ஓதி நிறுத்துங்கள். அடுத்த மூச்சை அவன் தருவான்.