பஸ் நிலையத்தில் அழுத அப்பா

மலேசியாவின் கோலா சிலாங்கூரில் தங்க வீடில்லாத இளையோரைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அப்படித்தான் தேவியைச் சந்தித்தேன். அது அவளுடைய உண்மைப் பெயரில்லை. பத்தொன்பது வயது. பகலில் மீன் கடையில் வேலை, ராத்திரியில், விடிய விடியத் திறந்திருக்கும் டோபி கடையின் நாற்காலியில் தூக்கம். அவள் இருக்குமிடத்தை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஒருநாள் மதியம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒருவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். திரையில் தேவி பள்ளிச் சீருடையில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பிள்ளைய எங்கயாச்சும் பாத்தியாமா? என் மக. ரொம்ப நாளா தேடுறேன். அவ அம்மா சரியா சாப்பிடறதே இல்ல."

அவள் வேலை செய்யும் கடை சாலைக்கு எதிர்ப்புறம்தான் இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"பாக்கல அங்கிள்."

அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். பஸ்ஸும் வரவில்லை. என்னால் எழுந்து போகவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. ஒரு தகப்பனை இப்படி அழவிட்டு என்ன ஆய்வு வேண்டிக்கிடக்கிறது என்று என்மேலேயே வெறுப்பு வந்தது.

மறுநாள் தேவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் மீனைச் சுத்தம் செய்துகொண்டே கேட்டாள்.

"அழுதாராக்கா?"

"ரொம்ப."

"என்னை அடிச்சு முடிச்சிட்டும் அப்படித்தான் அழுவாரு. அதப் பாத்துத்தான் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குத் திரும்பிப் போனேன்."

அன்றைக்கே அவள் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். எங்கே என்று எனக்கும் சொல்லவில்லை.

அவர் அழுதது நடிப்பு என்று இன்றுவரை என்னால் நினைக்க முடியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.