கடைசி மூன்று வாரக் குறிப்புகள்

நான் மிக ஒழுங்காக வேலை செய்த காலம் எதுவென்று கேட்டால், வேலையை விட்டு ஓடுவதற்கு முந்திய மூன்று வாரங்கள்தான்.

யுத்தம் மறுபடி மூண்டிருந்தது. கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வாடகை ஃபிளாட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். பம்பலப்பிட்டியில் ஒரு சிறிய மென்பொருள் கம்பனியில் எனக்கு வேலை. துறைமுகத்துக்கு வரும் கொள்கலன்களை எந்த நாளில் விடுவிக்கலாம் என்று கணக்கிடும் நிரலை எழுதிக்கொண்டிருந்தோம். எல்லாருடைய நிரலும் பொதுவான ஒரு களஞ்சியத்தில் சேரும். சேர்க்கும்போது என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று குறிப்பு எழுத வேண்டும். வெளியே கொடுத்த பதிப்புக்கு ஒரு டேக், அதாவது அடையாளப் பெயர், வைக்க வேண்டும். எனக்கு இரண்டுமே வேப்பங்காய். ‘ஃபிக்ஸ்’ என்று எழுதுவேன். அடுத்த நாள் ‘ஃபிக்ஸ் 2’. பிறகு ‘கடைசி ஃபிக்ஸ்’. அந்தக் கடைசிக்குப் பிறகும் நாலைந்து வரும்.

இதனால் அதிகம் அவதிப்பட்டவன் பக்கத்து மேசை நண்பன், கொட்டாஞ்சேனைக்காரன்.

“மச்சான், உன்ட மண்டைக்குள்ள வந்து பார்த்தாத்தான் இது விளங்கும்” என்பான்.

“பக்கத்திலதானே இருக்கிறன், கேளன்” என்பேன்.

அப்போதுதான் எனக்கு விசா வந்தது. அம்மா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “பிளேன் போய் இறங்குமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாத. ஒபிஸிலயும் ஆருக்கும் தெரியக்கூடாது.” முன்பு பெரியம்மாவின் மகன் இரண்டே இரண்டு பேரிடம் பயண நாளைச் சொன்னான். யாரோ மொட்டைக் கடிதம் போட, அவனைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் மறித்து இரண்டு வாரம் உள்ளே வைத்திருந்தார்கள். அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் பயண நாளை வெளியே சொல்வதில்லை. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் பயம்தான்.

ஆனால் மத்தியானம் அவனோடு ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் போன பிறகு இந்த ‘ஃபிக்ஸ்’ எல்லாம் அவன் தலையில்தான் விழும். கேட்பதற்குப் பக்கத்து மேசையில் ஆள் இருக்காது. சொல்ல முடியாவிட்டால் எழுதியாவது வைப்போம் என்று பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ‘பௌர்ணமிப் போயா விடுமுறைகள் நாங்கள் வாங்கிய நாட்காட்டியில் இல்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் யாராவது கையால் சேர்க்க வேண்டும். மறந்தால் நிரல், துறைமுக அலுவலகம் பூட்டியிருக்கும் நாளில் கொள்கலனை விடுவிக்கச் சொல்லும்.’ இப்படி நூற்றுக்கு மேல். டேக்குகளையும் மாற்றினேன்: ‘துறைமுகத்தில் இப்போது ஓடுவது’, ‘சோதிக்காதது, கொடுக்க வேண்டாம்’. ஆங்கிலத்தில்தான் எழுதினேன். அவன் என்ன கேட்பான் என்று யோசித்து யோசித்து, அவன் ஒருவனுக்காகவே எழுதினேன்.

மனேஜருக்கு ஒரே புளகாங்கிதம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், வருகிற செவ்வாய்க்கிழமை புதியவர்களுக்கு இப்படி எழுதுவது பற்றி நான் வகுப்பெடுக்க வேண்டும் என்றார். எனக்கு ஞாயிறு விடியற்காலை விமானம். வாயைத் திறந்து “ஓம்” என்பதற்குள் நண்பன் குறுக்கே விழுந்தான்.

“அத நான் எடுக்கிறேன் சேர். இவன்ட நோட்ஸ் முழுக்க நான் வாசிச்சிட்டேன்.”

நான் எழுதியதை வைத்து இவன் பெயர் வாங்கப் பார்க்கிறானே என்று எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஓடப்போகிறவனுக்கு என்ன பெயர் வேண்டிக் கிடக்கிறது! ஆனாலும் வந்தது.

அன்று மாலை காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றேன். கொட்டாஞ்சேனைக்குப் போகிறவன் எதிர்ப்பக்கத்தில்தான் நிற்க வேண்டும். அன்றைக்கு வீதியைக் கடந்து என் பக்கம் வந்து நின்றான். வெள்ளவத்தை பஸ் வந்தது.

“சரி, திங்கள் பார்ப்பம்” என்று ஏறினேன்.

அவன் மிதிபலகைக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான். “கட்டுநாயக்க ரோட்டில இப்ப நாலு இடத்தில இறக்கிச் செக் பண்றாங்க. நேரத்தோட வெளிக்கிடு. அம்மா தனியத்தானே, நான் ஞாயிற்றுக்கிழமைகளில போய்ப் பார்க்கிறேன்.”

பஸ் நகரத் தொடங்கிவிட்டது. அப்போதும் நான் அவனைப் பார்த்து, “எங்க, நான் ஒரு இடமும் போகேல்லையே!” என்றுதான் கத்தினேன்.