கல் வைத்த கடிகாரம்

பசுமலையில் எனக்குக் கல்யாணம். கல் வைத்த சுவிஸ் கடிகாரம் போடுவதாகப் பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். தாலி கட்டுமுன் என் தாய்மாமன் அதை வாங்கி, மோதிரத்தில் தேடுவதுபோல் கல்லைத் தேடினார்.

"கல்லு எங்கய்யா? போலியக் குடுத்து ஏமாத்துறீரா?"

"கல்லுதான வேணும்? இந்தா!" என்று பெண்ணின் அண்ணன் அடுப்புச் செங்கல்லை வீசினார்.

மாமன் குனிந்துகொண்டார். கல் உள்ளே சக்கர அச்சுகளில்தான் இருக்கும் என்று, புத்தகத்தில் படித்ததை விளக்கிக்கொண்டிருந்த நான் குனியவில்லை. என் மண்டை உடைந்தது. பிறகு இரு வீட்டாரும் வாழைமரங்களைப் பிடுங்கிச் சாத்தினார்கள். நாதஸ்வரம் எவ்வளவு நல்ல ஆயுதம் என்பதும் அன்றுதான் தெரிந்தது. மாமனின் முன்பல் பாயசத்தில் விழுந்தது.

"போலின்னா இந்தக் கல்யாணம் வேணாம். எந்திரி மாப்ள!" என்றார், பல் போன வாயோடு.

பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாமனிடமிருந்து கடிகாரத்தை வாங்கிப் பின்மூடியைத் திறந்தேன். உள்ளே சிவப்புக் கற்கள் மின்னின. அசல் கல்லைக் கீற முடியாது என்று படித்திருந்தேன். நகத்தால் கீறினேன், கல் சாயமாக நகத்தோடு வந்தது. மூடினேன்.

"அம்புட்டுக் கல்லும் இருக்கு மாமா. அசல்தான்."

மாமன் என் விரலை உற்றுப் பார்த்தார். தலைமுதல் வேட்டிவரை ரத்தத்தில் சிவந்திருந்தவனிடம் ஒரு நகத்தைப் பற்றி என்ன கேட்பது? மேளத்துக்குக் கைகாட்டினார்.